மெக்கானிக் செய்த இருட்டு மந்திரவாதி

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அந்தப் பல் மருத்துவமனையின் ஷட்டர் பாதிக்கு இறங்கிவிடும். மற்ற நாட்களில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அறையில், நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேசையைப் போடுவார்கள். மேசைமேல் கையால் வரைந்த வரைபடம், பென்சில்கள், விதவிதமான பகடைகள். ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, ஒரு கதையையே ஆடுகிற ஆட்டம் அது. கோட்டை வேண்டுமென்றால் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடையின் பிளாஸ்டர் அச்சு. பூதம் வேண்டுமென்றால் ஒற்றைக் கடைவாய்ப்பல்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் காதால் கேட்ட சங்கதிதான். மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வேனிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போவார். உள்ளேயிருந்து மனைவியின் குரல் தெருவரைக்கும் வரும். "வெட்டுறேன்! ரெண்டு தலையையும் வெட்டுறேன்! வாடா!" அதைத் தொடர்ந்து எல்லோரும் சிரிக்கிற சத்தம்.

அவருக்குத் தெரிந்த மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். காலையிலிருந்து மாலைவரை "கையை மடக்காதீங்க, வலிக்காது" என்று மெதுவாகச் சொல்லுகிறவர். மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு வீட்டில் இருவருக்கும் சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது. "கதவைப் பூட்டிட்டியா?" "பூட்டிட்டேன்." அவ்வளவுதான். அப்படியானால் உள்ளே தலையை வெட்டுகிற அந்த மனுஷி யார்? இந்தக் கேள்வி அவரை வேலை நேரத்திலும் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டத்தில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போய், ஓர் இடம் காலியானது.

"மாமா, வேன்ல உக்காந்து கொசுக்கிட்ட கடி வாங்குறதுக்கு, உள்ள வந்து பூதத்துக்கிட்ட கடி வாங்குங்களேன்" என்றாள் மனைவியின் தங்கை. அவளும் அந்த ஆட்டத்தில் ஒரு திருடியாக இருக்கிறாள்.

அவர் அன்று இரவே மனைவியிடம் கேட்டார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வேண்டாங்கல. ஆனா அங்க எனக்காகன்னு எதையும் செய்யாதீங்க. கேரக்டர் சரியில்லேன்னா புருஷன்னு பாக்க மாட்டேன், நானே கவுத்துடுவேன்."

கவிழ்ப்பது என்பது அந்த மேசையின் வழக்கம். புதிதாக வருகிறவர் தன் கேரக்டரை எழுதிக்கொண்டு வர வேண்டும். மேசையில் இருக்கிற ஒவ்வொருவரும் அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அதுவாகவே மாறிப் பதில் சொல்ல வேண்டும். பதில் பிடிக்காதவர் வாய் கொப்பளிக்கிற காகித டம்ளரை எடுத்துத் தன் பகடைமேல் கவிழ்த்து மூடிவிடுவார். ஒரு டம்ளர் கவிழ்ந்தாலும் கேரக்டர் செல்லாது.

கதையை நடத்துவது பல் டாக்டரம்மா. அவர் போனில் சொன்னார்: "எங்ககிட்ட வாள் இருக்கு, வில் இருக்கு, திருட்டும் இருக்கு. மந்திரம்தான் இல்ல. அடுத்து நாங்க போறது பூமிக்கு அடியில இருக்கிற நகரத்துக்கு. அங்க வெளிச்ச மந்திரம் செல்லாது. நீங்க இருட்டு மந்திரவாதியா ஒருத்தனைச் செஞ்சுட்டு வாங்க. இன்னொண்ணு, அந்த நகரத்தோட கேட்டு மூடிட்டா நடுவுல யாரும் சேர முடியாது. அந்தப் பயணம் முடிய எப்படியும் ஒரு வருஷம் ஆகும்."

ஒரு வருஷம் வேனில் உட்காருவதா? மெக்கானிக் விதிப் புத்தகத்தை வாங்கிவந்து, லிஃப்ட் கம்பெனியின் வழிகாட்டியைப் படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படித்தார். உடல்பலம், அறிவு, பேச்சுத்திறன் என்று புள்ளிகளைப் பங்கு போட வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இது அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. லிஃப்டிலும் அப்படித்தானே, பெட்டி ஏறினால் மறுபக்கத்து எடைக்கட்டை இறங்கும். மந்திரங்களைத்தான் ரொம்ப யோசித்துத் தேர்ந்தெடுத்தார். நிழலால் ஆன கேடயம் ஒன்று. விழுகிறவரைக் கவ்விப் பிடிக்கும் கறுப்புக் கயிறு ஒன்று. அடுத்தவர் காயத்தைத் தன் உடம்புக்கு வாங்கிக்கொள்வது ஒன்று. இருட்டு மந்திரவாதிக்குக் கட்டாயம் என்று புத்தகம் சொன்ன கொல்லும் மந்திரத்தையும் பிசாசோடு ஓர் ஒப்பந்தத்தையும் கடைசியில் சேர்த்தார். எழுதி முடித்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது. ஓர் இடத்தில்கூட ஓட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். மேசையில் நான்கு பேர். டாக்டரம்மா, மனைவி, மனைவியின் தங்கை, அப்புறம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு நெட்டையன். அவனை எல்லோரும் ஒட்டடை என்றே கூப்பிட்டார்கள். ஆட்டத்தில் வில் அவனுடையது.

ஒட்டடை முதலில் கேட்டான். "நீ முதன்முதலா யாரைக் கொன்ன?"

"நான்... யாரையும் கொல்லல. கொல்லுற மந்திரம் இருக்கு. ஆனா அதுக்கு லாக் போட்டு வச்சிருக்கேன். ரெண்டு சாவியும் சேர்ந்தாத்தான் வேலை செய்யும்."

ஒட்டடை சிரிப்பை அடக்க விட்டத்தைப் பார்த்தான்.

"பிசாசுகிட்ட ஒப்பந்தம் போட்டிருக்கீங்க. என்னன்னு?" என்றார் டாக்டரம்மா.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதுவே வந்து மந்திரத்தை எல்லாம் செக் பண்ணிக் குடுக்கணும்னு."

"மாமா, இது மந்திரவாதி இல்ல, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு!" என்று தங்கை மேசையைத் தட்டினாள். "சரி, என் கேள்வி. திருடியைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"திருடுறது தப்பு. ஆனா கையில அடிபடாம பாத்துக்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் யாரும் டம்ளரைத் தொடவில்லை. பாவம், ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். மெக்கானிக்குக்கு மூச்சு வந்தது. மனைவிதான் இன்னும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"நான் மலை உச்சியில இருந்து குதிக்கிறேன். நீ என்ன செய்வ?"

"கறுப்புக் கயிறை விட்டுப் புடிச்சுடுவேன்" என்றார் மெக்கானிக், பட்டென்று. இந்தக் கேள்விக்காகத்தானே அந்த மந்திரத்தையே எடுத்தார்.

மனைவி டம்ளரை எடுத்துப் பகடைமேல் கவிழ்த்தார்.

மெக்கானிக்குக்குக் காது சுட்டது.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் மனைவி, தன் சொந்தக் குரலில். "இவன் மந்திரவாதி இல்லைங்க. என் காலுக்கு அடியில நீங்க மாட்டின பிரேக்கு. லேப்ல ஒரு சொட்டு சிந்தக் கூடாது, வீட்டுல ஒண்ணும் தப்பாகக் கூடாது. நான் இங்க வர்றதே விழத்தான். விழுந்தா என்ன ஆகும்னு பாக்கத்தான். இவன் கூட வந்தா எனக்கு ஆட்டமே இல்ல."

எனக்காக எதையும் செய்யாதீங்க என்று மனைவி சொன்னதைத் தான் கேட்டும் கேட்காமல் விட்டது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்து மூன்று வருஷமாகக் கயிறு அறுந்தாலும் பெட்டி விழாமல் பார்த்துக்கொள்கிற கை. அந்தக் கைக்கு வேறு எதைச் செய்யத் தெரியும்?

டாக்டரம்மாதான் வழி சொன்னார். "நாங்க கேட்டு வரைக்கும் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வேற ஒருத்தனைச் செஞ்சா இன்னொரு தடவை கேக்குறோம். ரப்பர் வேணுமா?"

மெக்கானிக் ரப்பரோடு உள்ளறைக்குப் போனார். உட்கார அங்கே பல் பார்க்கிற நாற்காலி மட்டும்தான் இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு கேடயத்தை அழித்தார், கயிற்றை அழித்தார். பிசாசையும் அழித்தார். தாள் வெறுமையாகிவிட்டது. வெளியே மனைவி யாரையோ ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தார்.

யாரையும் காப்பாற்ற வேண்டாம் என்றால் நான் என்ன செய்வேன்? இப்படி ஒரு கேள்வியை அவர் தன்னிடம் கேட்டதே இல்லை. யோசிக்க யோசிக்க அவருக்கு லிஃப்ட் குழிதான் ஞாபகம் வந்தது. பெட்டிக்கும் அடியில், கட்டடத்தின் ஆகக் கீழே இருக்கிற குழி. கதவு இடுக்கில் தவறியதெல்லாம் அங்கேதான் வந்து கிடக்கும். சாவி, ஒற்றைக் கம்மல், குழந்தையின் ஒரு செருப்பு. பொறுக்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவார். கொடுப்பதற்கு முன்னால் மட்டும், அந்த இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இது யாருடையது? இது இல்லாமல் அவர் இப்போது எந்த வாசலில் நிற்கிறார்? இந்த ஆசை அவருக்கு உண்டென்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தார்.

கொடுக்காமல் வைத்துக்கொண்டால்?

பென்சிலை எடுத்தார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா வரைபடத்தின் ஓரத்தில் கீழ்த்தாடையை நிறுத்தி வைத்திருந்தார். அதுதான் நகரத்தின் கேட்டு. பல்வரிசைக்கு முன்னால் மூன்று காய்கள் காத்திருந்தன.

"சரி, கேளுங்க" என்றார் மெக்கானிக்.

"எங்கிருந்து வர்ற?" என்றான் ஒட்டடை.

"கீழ இருந்து. நீங்க எல்லாம் மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கீங்கல்ல, அதுக்கும் கீழ ஒரு குழி இருக்கு. உங்க கையில இருந்து தவறுறது எல்லாம் அங்க வந்து சேரும். அதைப் பொறுக்கித்தான் என் மந்திரம்."

தங்கை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "என் கம்மல் விழுந்துச்சுன்னு வை. அதை வச்சு என்ன பண்ணுவ?"

"அந்தக் காதுல அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் எனக்குக் கேக்கும்."

அவள் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. "யப்பா!" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "இதுக்கு நீ குடுக்குற விலை என்ன?"

"திருப்பிக் குடுத்தா மந்திரம் செத்துடும். அதனால எதையும் குடுக்க முடியாது. செருப்பைத் தொலைச்ச குழந்தை அழுதுக்கிட்டே வந்து கேக்கும். என் பையிலதான் இருக்கும். 'நான் பாக்கலையேம்மா'ன்னு அது முகத்தைப் பாத்துச் சொல்லணும். அதான் விலை."

யாரும் சிரிக்கவில்லை. ஒட்டடை மெதுவாக, "அண்ணே, நீங்க லிஃப்டுதானே பாக்குறீங்க?" என்றான்.

மனைவியின் முறை. அவர் கையில் காகித டம்ளர் இருந்தது. இப்போது கேட்டது லேப் குரல் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை.

"என்கிட்ட இருந்து எதை எடுத்து வச்சிருக்கடா?"

புருஷனை 'டா' போட்டதைத் தங்கை கவனித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் கவனிக்கவே இல்லை. அவர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் இல்ல. நீ எதையும் கீழ போடவே மாட்டேங்குற. எத்தனையோ பேரைப் பத்தி என் பைக்குத் தெரியும், உன்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதான் உங்ககூட வரேன். நீ விழணும். விழும்போது உன்கிட்ட இருந்து என்ன சிதறுதுன்னு நான் பாக்கணும்."

"விழுந்தா புடிக்க மாட்ட?"

மெக்கானிக் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "மாட்டேன்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தெரிந்த தெருவில் புதிதாக ஒரு கதவைப் பார்த்தவர்போல இருந்தார். பிறகு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"டேய் மந்திரவாதி. நீ எனக்கு முன்னால நட. உன்னை நம்பி நான் முதுகைக் காட்ட மாட்டேன்."

ஒட்டடை விசில் அடித்தான். டாக்டரம்மா நாலாவது காயாக ஒரு கறுத்துப்போன முன்பல்லை எடுத்துக் கேட்டுக்கு முன்னால், மற்ற மூன்றுக்கும் முன்னால் வைத்தார். "சொத்தைப் பல்லு. உனக்குப் பொருத்தமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதைக் குரலுக்கு மாறினார். "இரும்புக் கதவு முனகிக்கிட்டே திறக்குது. உள்ள ஒரே இருட்டு. எங்கேயோ தண்ணி சொட்டுற சத்தம் மட்டும்..."

மனைவி தன் நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினார். குனிந்து, குரலைத் தாழ்த்தி, "ஏங்க, நிஜமாவே அந்தக் குழியில இதெல்லாம் கிடக்குமா?" என்றார்.

"கிடக்கும். ஒரு தடவை பல்செட்டே கிடந்துச்சு."

"பல்செட்டா?" என்று மனைவி சத்தமாகவே கேட்டுவிட்டார். "யாருது? இதை ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலையே."

"அக்கா, மாமா, கதவு திறந்திருக்கு! மூடிடப் போகுது!" என்று தங்கை கத்தினாள்.

"கதவு கிடக்கட்டும்மா" என்றார் டாக்டரம்மா, வரைபடத்தை மெதுவாக ஓரமாகத் தள்ளிக்கொண்டே. "மேல் செட்டா, கீழ் செட்டா?"