நீலாம்பாள் வீட்டு ஜப்பான் வண்டி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நீலாம்பாள் வீட்டு ஜப்பான் மோட்டார் சைக்கிள், கலைவாணி அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும், ஏகாம்பரநாதர் கோயில் தேரின் கனம் கனத்தது. அவள் இறங்கினால் சாதாரண வண்டி. ஏறினால் தேர். தெருவில் அந்த நேரத்துக்கு வேலை இல்லாமல் நின்ற ஆண்கள் எல்லோரும் தள்ளிப் பார்த்தார்கள். நம் தெருவில் அப்படி நிற்கிறவர்களுக்குக் குறைச்சல் இல்லை. வண்டி அசையவில்லை. சிமெண்ட் சாலையில் இரண்டு சக்கரமும் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்ததுதான் மிச்சம். வடம் கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். அதற்கு நாள் பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வண்டி நீலாம்பாளின் தம்பியும் கலைவாணியின் கணவனுமான தினகரன் வாங்கியது. நூறு சிசி, இரண்டு ஸ்ட்ரோக். கம்பெனி பெயரைச் சொன்னால் இப்போதும் சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். ஐயம்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சத்யராஜிடம் அது மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. சத்யராஜ் அதை விற்றார் என்பதைவிடத் தலைமுழுகினார் என்பதுதான் சரி. தினகரன் தறியில் கைகாரன். வண்டி விஷயத்தில் ஆசைக்காரன் மட்டுமே. கூடத்துக்குக் கொண்டுவந்து கடைசி ஆணிவரை கழற்றினான். கழற்றியவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, அது யாருக்கும் வரும். திரும்பப் பூட்டுவதற்குள் பெருந்தொற்றின் இரண்டாம் அலை வந்து, அவன் மூச்சுக்குத் திணறி, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்த மறுநாள் இறந்துபோனான். நல்ல மனுஷன். யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன்.

காரியம் முடிந்த அன்று, பந்துக்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, நீலாம்பாள் உரக்கச் சொன்னாள். "முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போயிருந்தா எந்தம்பி பொழச்சிருப்பான்." யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. கலைவாணி பதில் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு நான்கு வருடமும் நாத்தனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீலாம்பாளும் ரோஷக்காரி. இவள் மூன்று நாள் பேசாமல் இருந்தால் நான் முப்பது நாள் இருப்பேன் என்று தொடங்கியவள், பிறகு நிறுத்த வழி தெரியாமல் தொடர்ந்தாள்.

இதில் சிக்கல் என்னவென்றால் இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே தறி, அதிலும் கோர்வைத் தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்து, இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோர்த்துக்கொண்டே போகிற புடவையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. தறிக்குழியில் கலைவாணி உட்கார்ந்து, குறுக்கு நூல் சுற்றிய நாடாவை வீசுவாள். வலப்பக்கக் கரைக்கான நாடாவை நீலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி வீசுவாள். ஒரு கணம் பிசகினால் கோர்வை விட்டுப்போகும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை. மற்ற விஷயங்களைச் சுவரிடமும் அடுப்பிடமும் சொல்லிக்கொண்டார்கள். "உப்பு தீந்துபோச்சு" என்று ஒருத்தி கேஸ் சிலிண்டரிடம் சொல்வாள். மறுநாள் உப்பு வந்திருக்கும்.

போன தை மாதம் தறியில் புதுப் பாவு நூல் ஏறியபோது கலைவாணி மின்விசிறியிடம் அறிவித்தாள். "இந்தப் பாவு முடிஞ்சதும் நான் ஆரணிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். போனா திரும்பி வரமாட்டேன். அவரு வண்டியிலதான் போவேன்." ஏறின பாவைப் பாதியில் விட்டுப் போவது எங்கள் ஊரில் கல்யாணத்தைப் பாதியில் விட்டுப் போவதைவிட மோசம். அதனால்தான் பாவு முடிகிறவரை கெடு. நீலாம்பாள் தண்ணீர்க் குடத்திடம் பதில் சொன்னாள். "எந்தம்பி வண்டி வாசல தாண்டாது." குரல் என்னவோ கறாராகத்தான் இருந்தது. தூக்கிய குடத்தை மட்டும் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. கலைவாணி போய்விட்டால் வலப்பக்கக் கரைக்கு இடப்பக்கம் கிடையாது.

கலைவாணி செல்போனில் வீடியோ பார்த்து வண்டியைப் பூட்ட ஆரம்பித்தாள். தறியில் அவள் உட்காரும் இடது பக்கத்திலேயே தொடங்கினாள்: கியர், செயின், மேக்னெட்டோ. அவள் கடைக்குப் போன நேரத்தில், தம்பி வண்டியைக் கண்டவள் தொடுவதா என்ற ஆத்திரத்தில், நீலாம்பாள் வலது பக்கம் பூட்டினாள்: கிக்கர், கிளட்ச், பிரேக். திரும்பி வந்த கலைவாணி வலது பக்கத்தைப் பார்த்தாள், இடது பக்கத்தைத் தொடர்ந்தாள். இப்படியே வண்டி வளர்ந்தது. இருவருமே கெட்டிக்காரிகள்தான், ஆனால் இருவருக்கும் தெரிந்தது ஒரே தொழில். கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பா, சரிகை இழையை விட்டுக் குத்தினார்கள். கிளட்ச் கேபிள் தளர்வாக இருக்கிறதா, பாவுக்குப் போடுவதுபோல அரிசிக்கஞ்சி போட்டு முறுக்கேற்றினார்கள். கேஸ்கெட் வெட்ட அட்டை வேண்டும் என்று வீடியோவில் சொன்னதும், கலைவாணி, புடவையில் மாங்காய் புட்டா விழுவதற்காகத் தறியின் ஜக்கார்டில் மாட்ட ஓட்டை போட்டு வைத்திருந்த அட்டையை எடுத்து வெட்டினாள். நீலாம்பாள் தன் பங்குக்கு அன்னப்பட்சி அட்டையை வெட்டினாள். ஒயரிங்கை யாராக இருந்தாலும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். நெசவு வீட்டில் பழைய இழையை எறிகிற வழக்கம் கிடையாது. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் முனையோடு புதுப் பாவைத் திரித்துப் பிணைப்பதுபோல, ஒவ்வொரு பழைய ஒயரோடும் ஒரு புது ஒயரைத் திரித்தார்கள். ஒருத்தி ஹெட்லைட்டிலிருந்து வந்தாள், ஒருத்தி பின் விளக்கிலிருந்து. பெட்ரோல் டேங்குக்கு அடியில் சந்தித்துக்கொண்டார்கள்.

பாவும் வண்டியும் ஒரே வாரத்தில் முடிந்தன. கலைவாணி பையைக் கட்டிக்கொண்டு வண்டியைத் தெருவுக்கு உருட்டி வந்து ஏறி உட்கார்ந்தபோதுதான் முதலில் சொன்ன சங்கதி நடந்தது. சத்யராஜை வரவழைத்தார்கள். அவர் டேங்கைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"யாருக்கா இத பூட்டுனது?"

"நான்தான்," என்றார்கள் இருவரும்.

"ஆளுக்கொரு பக்கம் போட்டு நடுவுல கோர்த்து வெச்சிருக்கீங்களே! இது வண்டி இல்லக்கா, பொடவ. பிரிச்சேன்னா ரெண்டு பக்கமும் போயிடும். நான் தொடமாட்டேம்பா." அவர் கூலி வாங்காமல் கிளம்பிப் போனது அன்றைக்கு நடந்த இன்னொரு அதிசயம்.

தம்பி வண்டி தனக்கென்றால் நகரும் என்று காட்டுவதற்காக நீலாம்பாள் ஏறினாள். அதற்குள் மறுபடி ஏறிவிட்ட கலைவாணி இறங்கி வழிவிடவில்லை. அதனால் பின்னால்தான் இடம் கிடைத்தது. அவள் உட்கார்ந்ததும் வண்டி சாலையிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. கிக்கரை உதைத்ததும் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயிலிருந்து மாங்காய் ஒன்று, அன்னம் ஒன்று, மாங்காய் ஒன்று என்று நீலப் புகை வரிசை தப்பாமல் வந்தது. டயர் தேயாது, நல்லதுதான் என்று பேசிக்கொண்டார்கள் பார்த்தவர்கள். இறங்குவது யார் என்பதில் இருவருக்கும் மானப்பிரச்சினை. யாரும் இறங்கவில்லை. வண்டி ஆரணிக்குப் புறப்பட்டது.

பாலாற்றுப் பாலத்தில் ஒரே நெரிசல். வண்டி பாலத்தை விட்டு இறங்கி, மணலுக்கு மேலேயே மிதந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. மேட்டில் ஏறும்போது நீலாம்பாள் கத்தினாள். "லாரி வருதுடி, ஓரமா போ!" "தெரியுது," என்றாள் கலைவாணி. நான்கு வருடத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துப் பேசுவது முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். செய்யாறுக்குக் கொஞ்சம் முன்னால் நீலாம்பாள் மறுபடி வாயைத் திறந்தாள்.

"கலை. ஒண்ணு சொல்லணும். அவன் மூச்சு முட்டுதுன்னு மொதல்ல என்கிட்டதான் வந்து சொன்னான். நான்தான் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். கலைகிட்ட சொல்லாதடா, அவ பயந்துடுவான்னேன். ரெண்டு நாள் அப்படியே போயிடுச்சு. எம்மேல இருந்த பழிய உம்மேல போட்டேன்டி."

கலைவாணி வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஆரணிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். வண்டி நடுச் சாலையில் தொப்பென்று இறங்கித் தார் ரோட்டில் பதிந்தது. மேலே நீலாம்பாள். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் கரும்பு லாரி, அதற்குப் பின்னால் கல்யாண வேன் என்று வரிசை வளர்ந்தது. "எறங்கும்மா, தள்ளி ஓரமா விடலாம்," என்றார் பஸ் டிரைவர். "அவ வந்தாதான் எறங்குவேன்," என்றாள் நீலாம்பாள். அவள் அழவில்லை, கூப்பிடவும் இல்லை. முன்னால் நகர்ந்து ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாலையில் போகிற உருவம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

கலைவாணி ஒரு மதகுக் கட்டைமேல் போய் உட்கார்ந்து அழுதாள். கணவன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்றைக்கு அவள் நெஞ்சில் நீலாம்பாள் சொன்ன சொல் போய் உட்கார்ந்துகொண்டதால் அழுகைக்கு இடமில்லை. அந்தச் சொல் பொய்யாக இருந்தால் அன்றே திருப்பிக் கேட்டிருப்பாள். உண்மை என்று அவளே நம்பினாள். அதனால்தான் நான்கு வருடமாக வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோரும் அதைக் கோபம் என்று நினைத்தோம், நான் உட்பட.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது வரிசை அரைக் கிலோமீட்டருக்கு நின்றது.

"என்கிட்டயும் சொன்னாரு அண்ணி," என்றாள். "அன்னிக்கேதான் சொன்னாரு. நானும் கஷாயம்தான் வெச்சேன். உங்க அக்காகிட்ட சொல்லாதீங்க, ஊரக் கூட்டிடுவாங்கன்னேன்."

நீலாம்பாள் அவளையே பார்த்தாள். "அப்ப ரெண்டு கஷாயத்தையுமா குடிச்சான்?"

"வாயே தொறக்காம குடிச்சிருக்காரு."

"அடப் பாவி," என்றாள் நீலாம்பாள். அதற்குப் பிறகு சிரித்தது யார், அழுதது யார் என்று பஸ் டிரைவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. ஹாரனிலிருந்து மட்டும் கையை எடுத்துவிட்டார். கல்யாண வேனிலிருந்து இறங்கிய ஒரு பெண் இருவருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை வண்டி இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. பஸ் அதன் அடியில் புகுந்து முன்னால் போயிற்று.

ஆரணியில் தங்கை சந்தியா அக்காவுக்கென்று ஒரு அறையை ஒழித்து, புதுப் பாய் விரித்து வைத்திருந்தாள். மத்தியானம் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது, பையை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள் சந்தியா. கலைவாணி பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் இங்க இருந்துட்டா அண்ணிய யாரு கூட்டிக்கினு போவாங்க? அந்த வண்டி ஒத்த ஆளுக்கு நகராதுமா."

"ஏன், பஸ் இருக்குதே," என்றாள் சந்தியா. "பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு காஞ்சிபுரத்துக்குப் போவுது."

"பஸ்ஸு அண்ணிக்கு ஒத்துக்காது."

நீலாம்பாள் திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும் வருடம் தவறாமல் பஸ்ஸில் போய் வருகிறவள், அதுவும் ஜன்னலோரம் கேட்டுச் சண்டை போடுகிறவள். அவள் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "வாந்தி வரும்."

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். இருவரும் உட்கார்ந்ததும் வண்டி வாசலிலேயே மேலே எழும்பியது. வழியனுப்ப வந்த சந்தியா கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, "துணிக்கொடி இருக்குது, தலைய பாத்து," என்றாள். இருவரும் சேர்ந்தாற்போல் குனிந்துகொண்டார்கள்.