நடுவில் பத்து மீட்டர்

அந்த நீளக் கூடத்தின் தரையில் குறுக்கே நான்கு நாடாக்கள் ஒட்டியிருந்தார்கள். முதல் நாடாவில் குழந்தை கிளம்ப வேண்டும். இரண்டாவதைக் கால் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பிக்கும், மூன்றாவதில் நின்றுவிடும். நான்காவதில் குழந்தை நின்றுகொள்ளலாம். நடுவில் இருக்கும் பத்து மீட்டர்தான் பரீட்சை. முன்னால் இரண்டு மீட்டரும் பின்னால் இரண்டு மீட்டரும் கணக்கில் வராது. பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு. உட்கார்ந்துதான் யோசித்திருப்பார்கள்.

என் மகளை வீட்டில் வாலு என்போம். எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளையில் ஏற்பட்ட சேதம் இரண்டு கால்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாரம் மூன்று நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் பெண்ணைத் தெரபி அக்கா என்பாள். நான் பத்துத் தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதவள், அக்கா ஒரு தடவை சொன்னால் செய்துவிடுவாள். யார் கையையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இந்த மாதம்தான் பழக ஆரம்பித்திருந்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கூடத்தில் நடந்து காட்ட வேண்டும். பத்து மீட்டரைப் பன்னிரண்டு விநாடிக்குள் கடந்துவிட்டால் குழந்தை தேறிவிட்டது என்று பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். கடக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் உண்டு. வருடம் பூராவும் "வேகமா நட" என்று பிள்ளையின் உயிரை வாங்கிய நான், அன்று காலை அவள் ஷூ வாரை இறுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினேன்.

"இன்னைக்கு மெதுவா நடந்தா போதும், கண்ணு."

"ஏம்மா? தினமும் வேகமா நடன்னுதானே கத்துவே?"

"இன்னைக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற பெண்ணையே பொய்யாக நடக்கச் சொல்கிறேனே என்று எனக்குக் கூசியது.

அளப்பவர் நல்ல பெண்மணி. சிரித்த முகம். "எங்கே, உன்னால எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா நட பார்க்கலாம்!" என்றார். காலையில் நான் ஓதியதெல்லாம் அத்தோடு போயிற்று.

முதல் நாடாவில் வாலுவின் கால்கள் கிளம்ப மறுத்தன. ஒரு முட்டி மடங்கிக் கீழே விழப்போனாள். "பரவாயில்ல, இது கணக்குல வராது" என்று தூக்கிவிட்டார். ஆனால் கிளம்பிவிட்டால் என் பெண்ணைப் பிடிக்க முடியாது. உடம்பு முன்னால் சாய, விழாமல் இருப்பதற்காகவே விரைவாள். நான்காவது நாடாவில் நிற்கத் தெரியாமல் சுவரில் சாத்தியிருந்த மெத்தையில் போய் மோதினாள். "இதுவும் கணக்குல வராது" என்றார்.

மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் மெத்தைக்கு அடி.

"சராசரி பதினொண்ணு! ரொம்ப நல்லா தேறிட்டாம்மா."

வாலுவின் முகம் வாடிவிட்டது. "பதினொண்ணுதானா? நூத்துக்கா?" பள்ளிக்கூடத்தில் எண் கூடினால்தானே கெட்டிக்காரி.

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேஜைக்குப் போனேன். "மேடம், எங்க வீடு மொத்தமே பத்து மீட்டர் கிடையாது. கட்டில்லேர்ந்து பாத்ரூமுக்கு நாலு மீட்டர். அங்க கிளம்புறதும் நிக்கிறதும் மட்டும்தான் இருக்கு. நடுவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல."

அவர் உண்மையிலேயே படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பித் தேடினார். "அதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே. நான் என்ன பண்ணட்டும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய்க்குச் சீல் வேறு வைப்பதற்காக ஸ்டாப்வாட்சை மேஜையில் வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வாலு, எந்திரி. வாசலுக்கு வா, போகலாம்." பொத்தானை அழுத்தினேன்.

வாசல் மூன்று மீட்டர்தான். அக்கா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றினாள். எழுந்தாள், தொப்பென்று உட்கார்ந்தாள். மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவை நின்றேவிட்டாள். ஆடி ஆடி, கால் கிளம்பக் காத்திருந்து, சுவரைத் தடவிக்கொண்டு போய், கதவு நிலையைப் பிடித்துத்தான் நின்றாள். ஸ்டாப்வாட்சை நிறுத்தி அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. அதற்குள் சக்கர நாற்காலியில் அடுத்த குழந்தை வந்துவிட்டது. பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு எழுந்தார்.

"இது எவ்வளவும்மா?" என்றாள் வாலு கதவிலிருந்து.

"ஐம்பத்திரண்டு."

"அடேயப்பா! பாத்தியா, இதுலதான் நிறைய! கையே பிடிக்காம வேற எந்திரிச்சேன். நாளைக்கு முதல் வேலையா அக்காகிட்ட சொல்லணும்."

தேறிவிட்டவளுக்குப் பயிற்சி கிடையாது; நாளைக்கு அக்காவும் கிடையாது.

"சொல்லலாம்" என்றேன்.