நீலமாக ஒளிர்ந்த பை

“செத்துப்போனவங்க பையை நீ எதுக்குப்பா மாட்டிக்கிற?” என்று என் மகள் ரூயின் ஏழு வயதில் ஒருமுறை கேட்டாள். அவர்களை மறக்காமல் இருக்கத்தான் என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பதினொரு பேர். நான் சிச்சுவானில் லெஷான் நகரப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்ப்பவன். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும், எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஜப்பானியருடன் சண்டையிடப் போன சிச்சுவான் படையினரின் உடையில், வைக்கோல் செருப்போடு, நினைவுத்தூணின் முன் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்போம். தலைவர் கோங் அண்ணன் பல் மருத்துவர். வரிசையில் நடந்தபடி ஒவ்வொருவர் பையையும் புரட்டிப் பார்ப்பார். “இந்தப் பொத்தான் நேத்து செஞ்சது. உன் பல்லைவிட மோசம்டா. போய் ஓரமா நில்லு,” என்பார்.

குழுவில் பழைய பொருளைச் சோதிப்பது என் வேலை. அதற்கென்று ஒரு சிறிய புற ஊதாக்கதிர் விளக்கு வைத்திருந்தேன். இருட்டில் அதைக் காட்டினால் அந்தக் காலத்துப் பருத்தி மங்கிக் கிடக்கும். இந்தக் காலத்துத் துணி நீலமாக ஒளிரும். காலையில் போதிசத்துவர் முன் ஊதுபத்தி ஏற்றும் அதே மனத்தோடு அந்த விளக்கையும் நம்பினேன்.

படையினர் உலர்ந்த உணவு எடுத்துச்சென்ற துணிப்பையில் அசலானது எங்களில் ஒருவரிடமும் இல்லை. சியென்வெய் ஊரில் டோஃபு கடை வைத்திருந்த சியாங் பெரியவரிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தந்தையின் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது. அவர் தாயின் வயிற்றில் இருந்தபோது போருக்குப் போனவர் தந்தை. கூடப் போன ஒருவர் திரும்பிவந்து கொடுத்தது அந்தப் பையை மட்டும்தான். புகைப்படம் இல்லை. கல்லறையும் இல்லை.

“விக்கல்லாம் மாட்டேன். வருஷப்பிறப்புக்கு முன்னால என் கையாலேயே தோய்ச்சு மாட்டுறது. ஆனா பாத்துச் சொல்லு தம்பி. விவரம் தெரிஞ்சவங்க நீங்க,” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டேன். பை முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது.

“பெரியவரே, இது அந்தக் காலத்துப் பை இல்லீங்க. நடுவுல எங்கயோ மாறிப்போயிருக்கு.”

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். “சிவப்புக் காவலருங்க வீடு புகுந்து பழசையெல்லாம் எரிச்ச அந்தக் கலவர வருஷத்துல அம்மா பயந்துபோய் இதை மாமா வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தா. அங்கதான் மாறியிருக்கும்,” என்றார். பிறகு ஒரு கிண்ணம் சூடான டோஃபு கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு தூரம் வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வரவில்லை போலும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றிருந்தார்.

ஒரு மாதம் கழித்து என் காலில் சுற்றும் பட்டியை மனைவி தோய்த்துப் போட்டாள். அசல் என்று எனக்குச் சந்தேகமே இல்லாத பட்டி. ஏதோ தோன்றி விளக்கைக் காட்டினேன். நீலம்.

“எதைப் போட்டுத் தோய்ச்சே?”

“சோப்புத்தூள்தான். உன் சிப்பாய்க்குப் பன்னீர்லயா தோய்ப்பாங்க?”

சோப்புத்தூளில் வெளுப்புக்குச் சேர்க்கும் பொருளும் அந்த விளக்கில் நீலமாகத்தான் ஒளிரும். வருடப்பிறப்புக்கு முன்னால் தன் கையாலேயே அதைத் தோய்த்து மாட்டுவதாகச் சியாங் பெரியவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் காட்டிய பக்திதான் ஒளிர்ந்தது. நான் அதைப் பொய் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாளே போயிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. பனிக்காலம் கழிந்து, முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாளுக்கு முந்தின நாள்தான் போனேன். கடையில் அவர் மருமகள் நின்றிருந்தாள்.

“மாமா வருஷம் பொறந்த முதல் மாசமே போயிட்டார். அவரு துணிமணி எல்லாத்தையும் எரிச்சுக் கூடவே அனுப்பிட்டோம். அந்தப் பையை மட்டும் வேண்டாம்னுட்டார். ‘எவனையோ பெத்தவன் பை, அதை எடுத்துட்டு எங்கப்பா முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்’னார்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டோஃபுவை அறுத்துக்கொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் சோதிச்சீங்க,” என்றாள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். “நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. நாங்க காலையிலயே அவரு கல்லறைக்குப் போய்ட்டு வந்தாச்சு. இல்ல, உங்க கும்பலுக்கு வேணும்னா வெச்சுக்கங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

சரிவில் பெரியவரின் கல்லறை மேட்டருகே யாரும் இல்லை. பையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். கைத்தையல், வார் பிடித்த இடத்தில் தேய்மானம், மடிப்புக்குள் பாதி கரைந்த முத்திரை. நாட்டில் இப்படி எத்தனை மிச்சமிருக்கும் என்று எனக்குத் தெரியும். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. ‘கிடைச்சுதா?’ என்று கோங் அண்ணன் கேட்டிருந்தார். அணைத்து வைத்தேன்.

“அது உங்கப்பாவோடதுதான் பெரியவரே,” என்றேன்.

சடங்குக் காகிதத்தை அடியில் வைத்துக் கொளுத்தினேன். தூறலில் துணி ஈரமாகியிருந்தது. பிடிக்க நேரம் எடுத்தது. குடையை நெருப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மழை என் முதுகில் விழுந்தது. புகை மேலே எழாமல், கடுகு வயலின் மஞ்சளை ஒட்டித் தாழ்வாக ஆற்றுப் பக்கம் இறங்கிப்போனது.