வலை எட்டாத ஆழம்

கூட்ட அறைக்குள் அண்ணன் நுழைந்ததுமே அவள் அடுக்கி வைத்திருந்த காகிதங்களை மறுபடி அடுக்கினாள். மீன்வள ஆய்வாளராக இந்த மேசையில் எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள், கூடப் பிறந்தவனோடு மட்டும் இல்லை. படகு முதலாளிகள் சங்கத்துக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது. இழுவைப் படகு கேப்டனான அவனையே அனுப்பி வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சண்டை ஒரு திருக்கை மீனுக்காக. ஆயிரம் மீட்டருக்குக் கீழே, வெளிச்சம் எட்டிப் பார்க்காத கடற்சரிவில் சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஜீவன். பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும், முட்டையும் ஏதோ பேருக்குத்தான் இடும். பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'ஆபத்து இல்லை' என்று போட்டு வைத்திருந்தார்கள். காரணம், அந்த ஆழத்துக்கு எந்த வலையும் போவதில்லையாம். யார் போய்ப் பார்த்தது? அதை 'அழியும் நிலை' என்று மாற்ற வேண்டும் என்பது அவள் வாதம். மாற்றினால் சரிவில் வலை போட முடியாது. அண்ணன் பிழைப்பே அந்தச் சரிவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற மீன்களோடு கலந்து ஏலக்கூடத்துக்கு வந்துவிட்ட இரண்டொரு திருக்கைகளை அவள் படம் எடுத்திருந்தாள்; அவற்றைத் திரையில் காட்டினாள். பட்டியலைத் திருத்தும் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதெல்லாம் வழி தவறி மேல வந்ததா இருக்கலாமே?"

"அதான் சார்," என்றான் அண்ணன். "எங்க வலை எழுநூறு மீட்டரத் தாண்டாது. இந்த மேடம் கடலையே கண்ணாடித் தொட்டியிலதான் பாத்திருப்பாங்க."

அறை சிரித்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் அம்மா வீட்டில் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "என் வலை போற ஆழத்துக்கு எவன் வலையும் போகாது" என்று மார்தட்டியவன்தானே இவன்! அதை இங்கே சொன்னால் இல்லவே இல்லை என்று சாதிப்பான். அம்மாவைச் சாட்சிக்கு இழுக்க முடியுமா?

"வேற ஆதாரம் இல்லன்னா முடிச்சுக்கலாம்," என்றார் தலைவர்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் புத்தி வந்தது. நல்ல புத்தி என்று சொல்ல முடியாது.

"இல்ல சார். கேப்டன் சொல்றதுதான் சரி. இவங்க படகால அந்த ஆழத்துக்குப் போக முடியாது. அங்க வலை சிக்காம இழுக்கத் தனிக் கை வேணும். பக்கத்துத் துறைமுகத்துக்காரங்க செய்வாங்க. இவங்களுக்கு அது வராது."

அண்ணனின் காது சிவந்தது. எட்டு வயதிலிருந்தே 'உன்னால முடியாது' என்று ஒரு வார்த்தை போதும், மதில் மேல் ஏறிவிடுவான்.

"எவனுக்கு வராது? அந்தச் சோம்பேறிப் பசங்களுக்குக் கீழயா என்னை வைக்கிற? ஆயிரத்து இருநூறு மீட்டர்ல தரையை உரசி இழுத்திருக்கேன்! ஒரு தடவை வலை கிழிஞ்சதுண்டா, கேளு! உன் திருக்கை கூடை கூடையா வரும். விலை போகாத சனியன்னு வாரிக் கடல்ல கொட்டுவோம்!"

கொட்டிவிட்டான். குறிப்பெடுக்கும் பெண்ணின் விரல்கள் ஒரு வார்த்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தன.

"கேப்டன், அதை இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் தலைவர். அவன் தலைவரை விட்டுவிட்டு அவளை முறைத்தான். கூட்டம் கலைவதற்குள் பட்டியலில் திருக்கையின் பெயருக்கு நேரே 'அழியும் நிலை' என்று மாறிவிட்டது.

படிக்கட்டில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

"வேணும்னேதான சொன்ன?"

"ஆமா. நீ உள்ளதச் சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிப் பண்ணப்போறேன்?"

"சின்ன வயசுல மதில்லருந்து குதிச்சுக் கை ஒடிஞ்சுதே, அன்னைக்கும் நீதான் ஏத்திவிட்ட. யாரு சொல்லிக் குதிச்சேன்னு அம்மா அடி அடின்னு அடிச்சாங்க. உன் பேரச் சொல்லல நான்." அவன் ஒரு படி இறங்கித் திரும்பினான். "இனிமே நான் அம்மா வீட்டுக்கு வர்ற நாள்ல நீ அந்தப் பக்கம் வராத."

இறங்கிப் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அந்த ஒடிந்த கையின் முழங்கை இன்றும் முழுசாக நீளாது. அந்தக் கையை வீசிக்கொண்டு அவன் தெருவைக் கடப்பதைப் பார்த்தபடி, ஜெயித்தவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.