எட்டு மணி அலாரம்

பறைச் சத்தத்தையும் மீறி அலாரம் அடித்தது. காலை எட்டு மணி. கலைமகள் தன்னையறியாமல் எழுந்து, பீரோவிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்து வந்து கைப்பட்டையை விரித்துவிட்டாள். அப்புறம்தான் ஃப்ரீஸர் பெட்டிக்குள் கணவர் தண்டாயுதபாணி கிடப்பது உறைத்தது.

இரண்டு வருடப் பழக்கம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் முதல் தடவை பக்கவாதத்தில் விழுந்தபோது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். பிரஷரை அடக்கி வைத்தால் இரண்டாவது அடியைத் தடுக்க முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. தினமும் எட்டு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகுதான் அளக்க வேண்டும். "மாத்தர முழுங்கறதுகூடச் சுலுவுங்க, இந்த வாய மூடறதுதான் ஆவறதில்ல" என்பார் மனிதர். எவ்வளவோ பார்த்தும் நேற்று மாலை இரண்டாவது அடி விழுந்தேவிட்டது. இந்த மிஷினைத் தூக்கிச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது கலைமகளுக்கு.

பெட்டியோரம் மகள் தேஜஸ்ரீ நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம். மாசமானவள் எழவு வீட்டுக்கு ஆகாது என்றவர்களை மீறி வந்தவள். முகம் வீங்கியிருந்தது. அங்கே யார் முகம்தான் வீங்கவில்லை? ஆனால் அழுதால் விரலுமா வீங்கும்? மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"தல வலிக்குதா கண்ணு?"

"நேத்துல இருந்துங்மா. கண்ணு முன்னால மின்னி மின்னி மறையுது."

கலைமகள் வாசலுக்குப் போய்க் கையை உயர்த்தினாள். "பறைய நிறுத்துங்க. அஞ்சு நிமிசம் யாரும் பேசாதீங்க, அழுகாதீங்க."

நாத்தனார் ராமாயி பாய்ந்து வந்தாள். "ஏனம்மிணி, புத்தி கலங்கிருச்சா? எழவூட்டுல அழுகாம?"

"அஞ்சே நிமிசம் நங்கையா."

என்ன குரலோ அது, ராமாயியே அடங்கிப்போனாள். ஒப்பாரி நின்றது. பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமியது. மகளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, அவர் கையில் கட்டிய பட்டையை இவள் கையில் கட்டினாள்.

நூற்று எழுபத்தாறு, நூற்றுப் பதினான்கு. ஒரு நிமிடம் விட்டு அளந்தபோதும் அதே. தினமும் அளவு குறித்துவந்த நோட்டில் அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதிவிட்டு, ஆராய்ச்சி நர்ஸ் சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. மாசமா இருக்கறப்ப இவ்வளவு ஏறுனா வலிப்பு வந்துரும்."

மருமகன் தீனதயாளன் காரை எடுத்தான். ராமாயி வழிமறித்தாள். "வராதேன்னம், வந்தா. வந்தவ அப்பன எடுக்கறதுக்குள்ள போலாமா? ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுங்க. ஒருத்தர உட்டுட்டேன். இவள உடமாட்டேன்."

தேஜஸ்ரீ பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கப்போகிற நேரத்தில் மருமகனிடமிருந்து போன் வந்தது. கலைமகள் மறுபடியும் கையை உயர்த்தினாள். பறை நின்றது. இந்தத் தடவை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

"ஆபரேசன் பண்ணிட்டாங்க அத்தை. பொண்ணு. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க. அழுகறா அத்தை, அப்பிடி அழுகறா! தேஜுவும் நல்லாருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ரெண்டு உசிரும் இல்லீன்னு டாக்டர் சொன்னாங்க."

புருஷனின் பாடைக்குப் பக்கத்தில் நின்று கலைமகள் வாய்விட்டுச் சிரித்தாள். யார் பார்த்தால் என்ன? "நாம ஜெயிச்சுட்டமுங்க" என்றாள் அவரிடம்.

ராமாயி போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு பறைக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"நிறுத்துனது போதுஞ் சாமி. நல்லா அடிங்க."