அப்ளைடுங்கப்பா

"எம்.எஸ்சி. அப்ளைடு ஸ்டாடிஸ்டிக்ஸ்ங்கப்பா!" என்று பிரவீனா துள்ளிக்கொண்டு வந்து சொன்னபோது, தம்பிதுரை கொப்பரைக் களத்துத் தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டே, "அப்ளைடா? செரி அம்மணி, பாக்கலாம்" என்றதோடு சரி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயமுத்தூரில் சீட் வாங்குவதென்றால் சும்மாவா? வாய் நிறைய ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனுசனுக்கு?

படிப்பு தேவைதானா என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது, அது வேறு. அதே படிப்பை முடித்த லோகப்பிரியா, ஆர்.எஸ்.புரத்தில் டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறிப்போய் அவளிடமே கேட்டாள்.

"படிச்சா பிரயோசனம் உண்டுங்களாக்கா?"

"மில்லுல குவாலிட்டி கன்ட்ரோலுக்குப் போனேன். நைட் ஷிப்ட் இருக்கு, பையனுகளைத்தான் எடுப்போம்னுட்டாங்க. வேலைக்குன்னா யோசிச்சுக்கோ" என்றாள் லோகப்பிரியா. கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துவிட்டு, "ஆனா மறுக்காப் படிக்கச் சொன்னா நாளைக்கே போவேன் புள்ள" என்றாள்.

பிரவீனாவுக்கு அது போதும். சேர்ந்துவிடுவதென்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு அம்பாசிடர். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்! அவளிடம் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அம்மா அவசரமாகப் பட்டுச் சேலையைச் சுற்றிவிட்டு, காபித் தட்டைக் கையில் திணித்தாள்.

"புள்ள மேல படிக்குதுங்களா?" என்று பையனின் அம்மா ராசாத்தாள் கேட்டாள்.

"எம்.எஸ்சி. அப்ளைடுங்க. சீட்டெல்லாம் எங்கீங்க கிடைக்குது?" என்றார் தம்பிதுரை.

பிரவீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சீட் கிடைச்சிருச்சுங்கப்பா! அப்ளைடுங்கறது பாடத்தோட பேருங்க."

"அட! அப்ளிகேசன் போட்டிருக்கீன்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளைப் பையன் கிருபாசங்கர்கூட வாய்விட்டுச் சிரித்தான். ராசாத்தாள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க பையன் டிப்ளமோங்க. அவனுக்கு மேல படிச்ச புள்ள நமக்கு ஒத்துவராதுங்க."

"அது கெடக்குதுங்க. சீட் வேண்டாம்னு இப்பவே சொல்லிப்போட்டாப் போச்சு" என்ற தம்பிதுரை, அந்த வருஷம்தான் வீட்டுக்கு வந்த போனை எடுத்துவிட்டார். "காலேஜ் நம்பரைச் சொல்லு அம்மணி."

பிரவீனா கிருபாசங்கரைப் பார்த்தாள். அவன் மிக்சரைக் கிளறிக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால் அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. நம்பரைச் சொன்னாள். அப்புறம் அந்த வாயை எத்தனை தரம் சபித்திருப்பாள்!

அவளுடைய இடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள். வகுப்பும் தொடங்கிவிட்டது. ஆடி கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்களிடமிருந்து ஆவணியில் தரகர் வெள்ளியங்கிரிதான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"வேற இடத்துல முடிச்சுப்போட்டாங்க. புள்ள எம்.எஸ்சி.ங்க, பேங்க்குல வேலை. சம்பளம் வருதில்லீங்க, அதனால படிப்பைப் பத்தி அந்தம்மா ஒண்ணும் பேசுல."

பிரவீனா சுவரோடு சாய்ந்து அழுதாள்.

"உடு கண்ணு" என்றார் தம்பிதுரை. "இந்தப் பையன் போனா ஊருல வேற பையனா இல்ல?"

"பையன் போனதுக்கா அழுவறேன்? நெசமாலுமே உங்களுக்குப் புரியலீங்களாப்பா?"

அவருக்குப் புரியாமலில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "தரகருக்குக் காபி கொண்டா அம்மணி" என்றார்.