பல்லக்காவின் படகு

கண்ணாடித் தகட்டின் மேல் கலந்தால் கல்லாக இறுகும் இரண்டு பசைகளையும் சம அளவு பிதுக்கி, சின்னக் கரண்டியால் எட்டுப் போட்டுப் போட்டுக் குழைத்தாள். இருபத்திரண்டு வருஷம் பல் டாக்டரின் பக்கத்தில் நின்று குழைத்த கை. எப்போது கெட்டிப்படும், எத்தனை நொடிக்குள் வைத்து அழுத்த வேண்டும் என்பதெல்லாம் மணிக்கட்டுக்கே தெரியும். கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடியில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடிய சந்துகளில் அதை வைத்து விரலால் அழுத்திக்கொண்டே போனாள். படகு கட்டக் கற்றுத்தருகிற மேஸ்திரி மரம் எடுக்க வெளியூர் போயிருந்தார். திரும்பி வர இரண்டு நாளாகும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இந்தச் சந்துகளைப் பற்றி மேஸ்திரி வகுப்பின் முதல் நாளிலிருந்தே ஓதிக்கொண்டிருந்தார். பஞ்சுத் திரியைத் தளரச் செருகி, மேலே இறுகாத பட்டிக் களிம்பை லேசாகத் தடவி, அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரில் இறக்கியதும் படகு ஒழுகும், பாதிக்கு மேல் முங்கிப்போகும். மூன்று நாள் அப்படியே கிடந்தால் பலகைகள் தண்ணீர் குடித்து ஊதி, ஒன்றையொன்று நெருக்கித் தாமாகவே சந்தை மூடிக்கொள்ளும். பிறகு இறைத்து ஊற்றினால் போதும். "முதல்ல முங்க விடணும்கா. பயந்துட்டா வேலை கெட்டுது" என்பார். அவருக்கு வயது முப்பதுதான். ஐம்பதைத் தொட்டவர்களை அதட்டக் கூச்சப்பட்டு, திட்டுவதையெல்லாம் மரத்தைப் பார்த்தே திட்டுவார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் வருகிறார். முங்கிக் கிடக்கிற படகையா அவருக்குக் காட்டுவது?

கண்டக்டர் அவள் புருஷன். பஸ்ஸின் கதவோரத்தில் டிக்கெட் மெஷின் வந்து உட்கார்ந்த வருஷம் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே வருஷம் பல் டாக்டர் கிளினிக்கை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான், ஆற்றங்கரைப் பட்டறையில் மரப்படகு கட்டக் கற்றுத் தருகிறார்கள் என்று அவர் எங்கிருந்தோ கேட்டுவிட்டு வந்தார். சேர்ந்தவர்கள் ஏழு பேர். வேலையை விட்டவர்கள் பாதி, வேலை கைவிட்டவர்கள் பாதி. முதல் நாளே கண்டக்டர் எல்லாருக்கும் பெயர் வைத்துவிட்டார். கணினிக் கம்பெனியிலிருந்து வந்தவன் கம்ப்யூட்டர். கட்டின பெண்டாட்டி பல்லக்கா. ஆவியில் வேகவைத்த பலகையை விலாக்கட்டைகளின் மேல் வளைத்து அழுத்தும்போது, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு" என்று அவர் குரல் கொடுக்க, பலகை நிஜமாகவே நகர்ந்து கொடுத்தது மாதிரி இருக்கும். இருபது வருஷத்தில் அவர் அவ்வளவு சிரித்து அவள் பார்த்ததில்லை. "இத்தனை வருஷம் அடுத்தவன் போற எடத்துக்கே போயிட்டிருந்தேன். இதுல நாம ரெண்டு பேர் மட்டும், ஒரு நாளாவது" என்பார்.

ஐந்தாவது மாதம் இருமல் வந்தது. ஆறாவது மாதம் இருமலுக்கு ஒரு பெயர் வந்தது. மாசக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கில் யோசியுங்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவளிடம் மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கண்டக்டர், "என்ன, வாரக் கணக்கா?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தே சில்லறை வைத்திருக்கிறவன் யார் என்று கண்டுபிடிக்கிற மனுஷர். அவரிடம் எதை மறைப்பது? அதன் பிறகு அவள் காலையில் அவருக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடுவாள், மத்தியானம் வந்து சோறூட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். இரண்டு பேர் கட்ட வேண்டிய படகை ஒன்றரைக் கையால் கட்டினாள். அவரை ஒரே ஒரு தடவை அதில் உட்கார வைத்துவிட வேண்டும். மனதில் வேறு எதற்கும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை படகை இறக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கம்ப்யூட்டர் கை தட்டினான். வேனில் வந்து நாற்காலியோடு இறக்கப்பட்ட கண்டக்டர், கரையில் உட்கார்ந்தபடி படகையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அடிப்பாவி, கட்டியே போட்டுட்டியே" என்றார். முந்தின இரவுதான் ஊர் திரும்பியிருந்த மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சந்து ஓடுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றினார். நகம் இறங்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார்.

தூக்கி ஏற்றலாம் என்று பிடித்தபோது கண்டக்டருக்கு இருமல் வந்துவிட்டது. உடம்பே உதறுகிற இருமல். உதட்டைத் துடைத்த துணியை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஏறிக்கறேன். எங்க ஓடிடப் போகுது?" என்றார். வேன் கிளம்பியதும் மேஸ்திரி அவளிடம் வந்தார்.

"அக்கா, என்னத்த வச்சீங்க?"

சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பவே வெளிய இழுத்துடலாம்கா."

"ஒரே ஒரு நாள் தம்பி. நாளைக்கு அவர் வந்து உக்காந்துட்டுப் போயிடட்டும். அப்புறம் நீங்க சொல்றதக் கேக்கறேன்."

மேஸ்திரி ஆற்றைப் பார்த்துக்கொண்டு எதையோ திட்டினார். படகு தண்ணீரிலேயே நின்றது. திங்கட்கிழமை கண்டக்டருக்குக் காய்ச்சல். செவ்வாயும் விடவில்லை. புதன்கிழமை விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் போன் செய்தான். "அக்கா, படகுலருந்து என்னமோ சத்தம் வருதுக்கா. முட்டியில சொடக்கு எடுக்கற மாதிரி."

அவள் போய்ச் சேர்வதற்குள் படகைக் கரையேற்றியிருந்தார்கள். ஊதிய பலகைகளுக்கு நெருங்க இடமில்லை. கல்லாக இறுகிய பசை நடுவே நின்றுகொண்டு ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. போக வழியில்லாத பலகைகள் வெளிப்பக்கமாக உந்தி ஆணிகளைப் பிடுங்கியிருந்தன. உள்ளே நான்கு விலாக்கட்டைகள் குறுக்காகப் பிளந்திருந்தன. பிளவில் மரத்தின் உட்சதை வெளுப்பாகத் தெரிந்தது.

"சொத்தைய அடைக்கிற மாதிரி அடைச்சிருக்கீங்க" என்றார் மேஸ்திரி. குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "பல்லு வளராதுக்கா. மரம் வளரும்."

"எத்தனை நாளாகும்?"

"பலகை எல்லாத்தையும் பிரிக்கணும். கட்டை புதுசா வளைக்கணும். எல்லாரும் சேர்ந்து பாத்தாலும் ரெண்டு மாசம்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். காய்ச்சல் விட்டிருந்த கண்டக்டர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக் கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் அவர் இருப்பதே தெரியவில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி சொன்ன இரண்டு மாதத்தையும் சொன்னாள். அவர் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"முங்கிக் கெடக்கறத நீங்க பாக்கக் கூடாதுன்னுதாங்க..."

"ஏன், பாத்தா என்ன? கரையில உக்காந்து மூணு நாளும் பாத்திருப்பேன். நாம கட்டினது தண்ணி குடிக்குதுன்னு பாத்திருப்பேன்." மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் எடுக்கப் போனாள். வந்தபோது அவர் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு என்ன வேலை அங்க?"

"பிரிக்கறாங்க."

"அப்ப வா. பிரிக்கறதுக்காவது ஏறி உக்கார்றேன்."

பட்டறைக்குள் படகைக் கட்டைகளின் மேல் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். மேஸ்திரியும் கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை உள்ளே இறக்கினார்கள். "பிள்ளைத்தாச்சிய ஏத்தற மாதிரி ஏத்தறானுங்க பாரு" என்றார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கையில் சின்னச் சுத்தியலைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆணியைக் கழற்றவும் இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் மடங்கிய நுனியை நிமிர்த்தி வெளியே தட்டித் தள்ள வேண்டும். வெளியே இருப்பவர் தலையைக் குறட்டால் கவ்வி இழுக்க வேண்டும். அவள் தரையில் மண்டியிட்டு, பசையை உளியால் கொத்திவிட்டு ஆணித் தலைகளைத் தேடினாள். நடுவில் பலகை. அவர் முகம் தெரியவில்லை.

"விசில் இல்ல. சுத்தியல்தான்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "ஒரு தட்டு தட்டினா நிறுத்து. ரெண்டு தட்டினா போலாம் ரைட். புரியுதா பல்லக்கா?"

"புரியுதுங்க."

டொக் டொக். அவள் இழுத்தாள். ஆணி முனகிக்கொண்டே வந்தது. டொக் டொக். அடுத்தது. பிடி நழுவி அவள் கொஞ்சம் தாமதித்தபோது, "என்னம்மா, சில்லறை எண்ணுறியா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. ஆறு ஆணி, ஏழு ஆணி. எட்டாவதற்கு இடைவெளி அதிகமானது. பதினொன்றாவது வந்து அவள் காலடியில் விழுந்தது. பன்னிரண்டாவதைக் குறட்டால் கவ்விக்கொண்டு காத்திருந்தாள்.

டொக்.

ஒன்றே ஒன்று. அவள் நிறுத்தினாள். படகின் மறுகோடியில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி தலையை நிமிர்த்தினார். எழுந்து வரப் போனவரை, இருங்கள் என்று இடது கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு அந்தக் கையை விரித்து, உள்ளேயிருந்து அவர் முதுகு சாய்ந்திருக்கும் என்று தோன்றிய இடத்தில் பலகையின் மேல் வைத்தாள். மூன்று நாளாகக் குடித்த தண்ணீரை மரம் இன்னும் விட்டு முடிக்கவில்லை. அது அவள் உள்ளங்கை ரேகைகளில் ஊறி, மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கையை எடுக்காமல், அடுத்த சத்தத்துக்காக அவள் காதைப் பலகையில் ஒட்டினாள்.